ரிவர்ஸ் ஏலத்தில் கொள்முதல்: வாங்குபவரும் சப்ளையரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தியத் தொழிற்சாலைகளின் பர்சேஸ் துறையில் இருப்பவர்களுக்கும், அவர்களுக்கும் அரசு நிறுவனங்களுக்கும் பொருள் கொடுக்கும் சிறு, நடுத்தர சப்ளையர்களுக்கும் எழுதியது இது. பல இடங்களில் அட்டைப்பெட்டியை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறோம், ஏனென்றால் அநேகமாக எல்லாத் தொழிற்சாலையும் அதை வாங்குகிறது. கணக்குகளில் வரும் விலைகள் விளக்கத்துக்காக வைத்தவை, சந்தை விலை அல்ல.

ரிவர்ஸ் ஏலம் டெண்டரிலிருந்து எங்கே வேறுபடுகிறது?

டெண்டரில் சப்ளையர் மூடிய உறையில் ஒரு விலையைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ரிவர்ஸ் ஏலத்தில், குறித்த நேரத்துக்குள், இணையத்தில், தன் நிலையைப் பார்த்துப் பார்த்து எத்தனை தடவை வேண்டுமானாலும் விலையை இறக்கலாம். இறக்கியதை மறுபடி ஏற்ற முடியாது. நேரம் முடியும்போது யார் விலை குறைவோ அவர் எல்-1.

இந்த முறையைத் தொழில்துறைக் கொள்முதலுக்குப் பெரிய அளவில் கொண்டுவந்தது 1995-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கிளென் மீக்கம் தொடங்கிய ஃப்ரீமார்க்கெட்ஸ் நிறுவனம். 2004-ல் அதை அரிபா வாங்கியது. 2012-ல் அரிபாவை எஸ்ஏபி வாங்கியது. இந்தியாவில் இன்று மத்திய அரசின் ஜெம் போர்ட்டல், ரயில்வேயின் ஐரெப்ஸ், குறுகிய கால மின்சாரம் வாங்கும் டீப் போர்ட்டல் என்று பல இடங்களில் இது நடக்கிறது. தனியார் நிறுவனங்கள் தங்கள் சொந்த மென்பொருளிலோ, ஏலம் நடத்தித் தரும் நிறுவனங்கள் வழியாகவோ நடத்துகின்றன.

எந்தப் பொருளுக்கு இது பொருந்தும்?

மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் 167-வது விதி மூன்று நிபந்தனை சொல்கிறது. வாங்கும் பொருளை விரிவாக, ஐயமில்லாமல் விவரிக்க முடிய வேண்டும். தகுதியுள்ள போட்டியாளர்கள் சந்தையில் போதுமான அளவு இருக்க வேண்டும். யார் வென்றார் என்று முடிவு செய்யும் அளவுகோல்களை எல்லாம் பணமாக மாற்றிச் சொல்ல முடிய வேண்டும். தனியார் நிறுவனத்துக்கும் இதைவிட நல்ல வடிகட்டி கிடைக்காது.

நடைமுறையில் நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: எல்-1 ஆக வந்தவருக்கு உண்மையிலேயே ஆர்டரை மாற்ற முடியுமா? அச்சு, டை, ஃபிக்ஸ்சர் எல்லாம் பழைய சப்ளையர் பட்டறையில் கிடக்கிறது, புது சப்ளையருக்கு உங்கள் வாடிக்கையாளரிடம் சாம்பிள் ஒப்புதல் வாங்கவே ஆறு மாதம் ஆகும் என்றால், நீங்கள் நடத்துவது ஏலம் அல்ல, மிரட்டல். பழைய சப்ளையருக்கும் அது தெரியும். அவர் அசைய மாட்டார்.

அட்டைப்பெட்டி, பேக்கிங் டேப், போல்ட்-நட், கேபிள், கம்ப்யூட்டர், லாரி வாடகை, கெமிக்கல் டிரம், ஸ்டேஷனரி, ஹவுஸ்கீப்பிங் பணியாளர் சேவை போன்றவை பொதுவாகப் பொருந்தும். கடைசியாகச் சொன்னதில் ஓர் எச்சரிக்கை: குறைந்தபட்ச ஊதியம், பிஎஃப், இஎஸ்ஐ ஆகியவற்றை ஏலத்துக்கு வெளியே நிலையாக வைத்துவிட்டு, சர்வீஸ் சார்ஜை மட்டும் ஏலம் விட வேண்டும். இல்லாவிட்டால் குறையும் பணம் தொழிலாளி சம்பளத்திலிருந்துதான் குறையும். முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் சட்டச் சிக்கல் உங்கள் தலையில் விழும்.

எத்தனை சப்ளையர் வேண்டும்?

குறைந்தது மூன்று பேர், நான்கு முதல் ஆறு பேர் நல்லது. ஆனால் மூன்று பேர் லாகின் செய்திருப்பது மட்டும் போட்டி ஆகாது. மூன்று பேருக்கும் அந்த ஆர்டர் தேவைப்பட வேண்டும், மூன்று பேருக்கும் அதைச் செய்து முடிக்கும் மெஷின் திறன் இருக்க வேண்டும். மாதம் 30,000 பெட்டி போடும் ஆளை 4 லட்சம் பெட்டி ஏலத்தில் எண்ணிக்கைக்காக உட்கார வைத்தால், அவர் சும்மா இறக்கி விளையாடிவிட்டுப் போவார். அல்லது ஜெயித்துவிடுவார். இரண்டாவது இன்னும் மோசம்.

ஏலம் அரை மணி நேரம்தானே? தயாரிப்புக்கு ஏன் மூன்று நான்கு வாரம் கேட்கிறார்கள்?

அந்த அரை மணி நேரத்தில் பர்சேஸ் ஆள் செய்ய எதுவுமே இல்லை, திரையைப் பார்ப்பதைத் தவிர. முடிவை நிர்ணயிப்பது எல்லாம் முன்னாலேயே நடந்திருக்க வேண்டும்.

முதலில் ஸ்பெசிஃபிகேஷன், வரைபடம், ஆண்டுத் தேவை, டெலிவரி அட்டவணை ஆகியவற்றைப் பயன்படுத்தும் துறையிடம் கையெழுத்து வாங்கி உறுதி செய்ய வேண்டும். பிறகு சப்ளையர்களிடம் சாம்பிளும் டெக்னிக்கல் ஆஃபரும் வாங்கி, தேறாதவர்களை ஏலத்துக்கு முன்பே விலக்க வேண்டும். ‘முதலில் விலை வரட்டும், தரத்தை அப்புறம் பார்க்கலாம்’ என்று விட்டால், தரமில்லாத ஒருவர் எல்-1 ஆக வந்து நிற்பார்; அவரை விலக்கினால் விவகாரம், ஏற்றால் நஷ்டம். அதன்பின் வணிக நிபந்தனைகள்: பணம் தரும் நாள், சரக்குப் போக்குவரத்து யார் பொறுப்பு, தாமத அபராதம், வாரண்டி. ஒவ்வொரு சப்ளையரும் இவற்றை எழுத்தில் ஏற்ற பிறகே லாகின் தர வேண்டும். கடைசியாக, முந்தைய நாள் ஒரு மாதிரி ஏலம். அதில் வேறு ஏதாவது பொருளையும் பொய் விலைகளையும் வையுங்கள். உண்மைப் பொருளை வைத்து ஒத்திகை நடத்தினால் ஒருவர் மனதில் உள்ள விலை மற்றவருக்குத் தெரிந்துவிடும்.

ஸ்பெசிஃபிகேஷனை எந்த அளவுக்கு நுணுக்கமாக எழுத வேண்டும்?

‘5 பிளை அட்டைப்பெட்டி, நல்ல தரம்’ என்று எழுதினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். 5 பிளையில் மூன்று தட்டைத் தாள், அவற்றுக்கு நடுவே இரண்டு நெளிவுத் தாள், அதாவது ஃப்ளூட். நெளிவதால் ஃப்ளூட்டுக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 1.4 மீட்டர் தாள் போகும். ஐந்து அடுக்கும் 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) என்றால், ஒரு சதுர மீட்டர் அட்டையின் எடை: 3 × 150 = 450, அதோடு 2 × 150 × 1.4 = 420, மொத்தம் 870 கிராம்.

இப்போது வெளியே தெரியும் இரண்டு தாளை மட்டும் 150-லேயே வைத்துவிட்டு, நடுத்தாளையும் இரண்டு ஃப்ளூட்டையும் 120 ஜிஎஸ்எம் ஆக்கினால் 300 + 120 + 336 = 756 கிராம். தாள் 13% குறைந்துவிட்டது. பெட்டி கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், அச்சும் அப்படியே இருக்கும். பெட்டி விலையில் தாளின் பங்கு 70% என்று வைத்தால் சப்ளையருக்கு 9% மிச்சம். ஏலத்தில் நீங்கள் மகிழ்ந்த 8% குறைப்பு இங்கிருந்துதான் வந்திருக்கும். கிடங்கில் ஐந்தாவது அடுக்கு ஏறும்போது அடிப்பெட்டி நசுங்கினால்தான் விஷயம் வெளியே வரும்.

ஆகவே ஒவ்வொரு அடுக்கின் ஜிஎஸ்எம், பர்ஸ்டிங் ஃபாக்டர் (தாள் கிழியாமல் அழுத்தம் தாங்கும் அளவு), ஃப்ளூட் வகை, ஈரப்பதம், பெட்டியின் எடை ஆகிய ஐந்தும் ஆர்டரில் இருக்க வேண்டும். எடைதான் வாசலிலேயே பிடிக்கக்கூடியது. 1.2 சதுர மீட்டர் அட்டை பிடிக்கும் பெட்டி, சரியானது 1,044 கிராம் இருக்கும், மேலே சொன்ன ஏமாற்றுப் பெட்டி 907 கிராம். பத்துப் பெட்டியைத் தராசில் வைத்தால் தெரிந்துவிடும். மழைக்காலத்தில் மட்டும் எடையை நம்பாதீர்கள். தாள் ஈரம் குடித்து எடை கூடும். அதனால்தான் ஈரப்பதத்தையும் எழுதச் சொல்கிறோம்.

ஒருவர் ஃபேக்டரி விலை, இன்னொருவர் டெலிவரியோடு சேர்த்து விலை கொடுக்கிறார். எப்படி ஒப்பிடுவது?

எல்லாரையும் ஒரே அடித்தளத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஏலம். வித்தியாசங்களைப் பணமாக்கி ஒவ்வொருவர் விலையிலும் ஏற்றுவதை லோடிங் என்பார்கள்.

உங்கள் நிபந்தனை: ஆலைக்கு டெலிவரி, 45 நாள் கடன். ‘அ’ ஒரு பெட்டிக்கு ரூ. 62 கேட்கிறார், நிபந்தனையை அப்படியே ஏற்கிறார். ‘ஆ’ ரூ. 59.50 கேட்கிறார், ஆனால் ஃபேக்டரி வாசலில், 15 நாளில் பணம் வேண்டும். போக்குவரத்துக்குப் பெட்டிக்கு ரூ. 2.10. முப்பது நாள் முன்கூட்டிப் பணம் கொடுப்பதற்கு ஆண்டுக்கு 12% வட்டி என்றால் 1%, அதாவது 60 பைசா. ஆக ‘ஆ’வின் உண்மை விலை ரூ. 62.20. இரண்டரை ரூபாய் மலிவாகத் தெரிந்தவர் 20 பைசா அதிகம்.

இந்த லோடிங் தொகை ஏலத்துக்கு முன்பே அந்தந்த சப்ளையருக்குத் தெரிய வேண்டும். ஏலம் முடிந்த பிறகு ‘உங்களுக்கு இவ்வளவு ஏற்றினோம், நீங்கள் எல்-2’ என்று சொன்னால் அடுத்த தடவை அவர் வர மாட்டார்.

கடன் நாளைப் பற்றி ஒரு சட்டக் குறிப்பு. குறு, சிறு தொழில் பதிவு உள்ள சப்ளையருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்க 2006 எம்எஸ்எம்இடி சட்டம் அனுமதிக்கவில்லை. மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாந்தரக் கூட்டு வட்டி. ‘90 நாள் கடன்’ என்று ஏல நிபந்தனையில் எழுதிவிட்டு இவர்களை அழைப்பது இன்னமும் நிறைய இடத்தில் நடக்கிறது.

ஜிஎஸ்டியை எப்படி எடுப்பது என்பதும் இங்கேதான் வரும். உள்ளீட்டு வரிக் கடன் எடுக்கும் தொழிற்சாலை வரி நீங்கலான விலையை ஒப்பிடலாம். வரிக் கடன் எடுக்க முடியாத மருத்துவமனை, கல்வி நிறுவனம் போன்றவை வரியோடு சேர்ந்த விலையைத்தான் பார்க்க வேண்டும்.

தொடக்க விலை, குறைப்புப் படி, நேரம்: இவற்றை எப்படி வைப்பது?

தொடக்க விலையாக, முன்பே வாங்கிய மூடிய கொட்டேஷன்களில் குறைந்ததையோ, கடைசியாக வாங்கிய விலையையோ வைப்பது வழக்கம். கடைசி விலையை வைக்கும்போது மூலப்பொருள் அதற்குப்பின் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தாள் விலை ஏறிய மாதத்தில் பழைய விலையில் தொடங்கினால் முப்பது நிமிடமும் திரை அசையாமல் நிற்கும்.

குறைப்புப் படி என்பது ஒவ்வொரு தடவையும் குறைந்தது எவ்வளவு இறக்க வேண்டும் என்ற அளவு. மொத்த மதிப்பில் 0.25% முதல் 0.5% வரை வைப்பது பெரும்பாலும் சரிவரும். ஆண்டுக்கு 4 லட்சம் பெட்டி, ரூ. 62 வீதம் ரூ. 2.48 கோடி என்றால் 0.25% படி ரூ. 62,000, பெட்டிக்கு 15 பைசாவுக்குச் சற்று மேல். படியை ஒரு பைசாவாக வைத்தால் இருவர் மாற்றி மாற்றி ஒரு பைசா தட்டிக்கொண்டு மாலை வரை போவார்கள். 2% என்று வைத்தால், இன்னும் 1% இறக்கத் தயாராக இருந்தவரும் நின்றுவிடுவார். அந்த 1% உங்களுக்கு நஷ்டம்.

நேரம் 30 நிமிடம், கடைசி 5 நிமிடத்தில் யாராவது இறக்கினால் தானாக இன்னொரு 5 நிமிடம். இந்தத் தானியங்கி நீட்டிப்பு இல்லாவிட்டால் எல்லாரும் கடைசி பத்து விநாடிக்குக் காத்திருப்பார்கள். வெல்வது விலை அல்ல, இணைய வேகம். நீட்டிப்புக்கு வரம்பில்லை என்றால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2017 பிப்ரவரியில் மத்தியப் பிரதேசத்தின் ரேவா சோலார் பூங்கா ஏலம் உதாரணம்: 33 மணி நேரம் ஓடியது. முதலாண்டு விலை யூனிட்டுக்கு ரூ. 2.97-ல் முடிந்தது.

சப்ளையருக்கு எல்-1 விலையைக் காட்டலாமா, ரேங்க் மட்டும் காட்டலாமா?

விலைகள் நெருக்கமாக இருக்கும் என்று தெரிந்தால் எல்-1 விலையைக் காட்டுங்கள், வேகமாக இறங்கும். ஒருவர் மற்றவர்களைவிட வெகு தூரம் கீழே இருக்க வாய்ப்பிருந்தால் ரேங்க் மட்டும் போதும். எல்-1 ரூ. 54, நான் ரூ. 61 என்று தெரிந்தால் மற்றவர்கள் மடிக்கணினியை மூடிவிடுவார்கள். எல்-1 ஆக இருப்பவருக்கும் தன் பின்னால் எவ்வளவு இடைவெளி என்று தெரிந்தால் இறக்கக் காரணமில்லை. யார் யார் பங்கேற்கிறார்கள் என்ற பெயரை எக்காரணம் கொண்டும் காட்டக்கூடாது.

ஜப்பானிய முறை, டச்சு முறை என்கிறார்களே?

ஜப்பானிய முறையில் விலையை மென்பொருளே படிப்படியாக இறக்கும். ஒவ்வொரு படியிலும் ‘இருக்கிறேன்’ என்று அழுத்த வேண்டும், அழுத்தாதவர் வெளியே. இருவர் மட்டுமே இருக்கும்போது இது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் எதிராளி இன்னும் இருக்கிறாரா என்பதை மறைத்து நடத்தலாம். டச்சு முறையில் விலை கீழே தொடங்கி மேலே ஏறும். முதலில் ஒப்புக்கொள்பவருக்கு ஆர்டர். நம் ஊரில் அபூர்வம்.

இருபது அளவுப் பெட்டிகள் இருக்கின்றன. தனித்தனியாக ஏலமா, ஒரே லாட்டா?

ஒரே மெஷினில், ஒரே தாளில் வருபவற்றை ஒரே லாட்டாகச் சேருங்கள். ஆனால் மொத்தத் தொகைக்கு ஏலம் விடும்போது ஒரு தந்திரம் நடக்கும்: நிறைய ஓடாத அளவுகளில் விலையை அடித்து இறக்கிவிட்டு, நிறைய ஓடும் அளவில் விலையை அப்படியே வைத்து பிரேக்-அப், அதாவது ஒவ்வோர் அளவுக்குமான விலைப் பட்டியல், கொடுப்பார்கள். நீங்கள் சொன்ன ஆண்டு எண்ணிக்கை உண்மைத் தேவையோடு பொருந்தாத இடத்தை அவர்கள் உங்களைவிட நன்றாக அறிவார்கள். இதற்கு ஒரே மருந்து, ‘மொத்தத்தில் எத்தனை சதவீதம் குறைந்ததோ அதே சதவீதம் ஒவ்வொரு வரியிலும் குறையும்’ என்று முன்கூட்டியே எழுதி வைப்பது.

ஜெம் போர்ட்டலில் ‘பிட் டு ஆர்ஏ’ என்று வருகிறது. அது என்ன?

2016 ஆகஸ்டில் தொடங்கிய ஜெம்மில், வாங்கும் துறை நேரடியாக ரிவர்ஸ் ஏலம் வைக்கலாம், அல்லது முதலில் மூடிய பிட் (விலைப்புள்ளி) வாங்கி டெக்னிக்கல் தேர்வு முடித்து, பிறகு தேறியவர்களை ஏலத்துக்கு அழைக்கலாம். இரண்டாவதுதான் பிட் டு ஆர்ஏ; ஆர்ஏ என்பது ரிவர்ஸ் ஏலம். ஏலம் வருமா என்பது பிட் ஆவணத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும்.

பல பிட்களில் ‘ஹெச்-1 நீக்கம்’ என்ற விதி இருக்கும்: மூடிய விலையில் மிக அதிகம் கேட்டவருக்கு ஏலத்தில் இடமில்லை. விதிவிலக்குகள் உண்டு என்றாலும், எப்படியும் ஏலம் வரும், அங்கே இறக்கிக்கொள்ளலாம் என்று முதல் சுற்றில் தலைக்கு மேல் விலை போட்டவர் கதவுக்கு வெளியே நிற்பார். முதல் விலையே நியாயமான விலையாக இருக்கட்டும், கடைசி விலையாக வேண்டாம்.

சிறு நிறுவனம் எல்-1 ஆக வராவிட்டாலும் ஆர்டர் கிடைக்குமா?

மத்திய அரசுத் துறை, பொதுத்துறை நிறுவனக் கொள்முதலில் கிடைக்கலாம். 2012-ன் குறு, சிறு தொழில் கொள்முதல் கொள்கை ஆணைப்படி, எல்-1 ஆக வந்தவர் குறு, சிறு நிறுவனம் அல்ல என்றால், அவர் விலைக்கு 15% மேலே வரை உள்ள குறு, சிறு உற்பத்தியாளர் அதே எல்-1 விலைக்கு இறங்கச் சம்மதித்து, பிரிக்கக்கூடிய ஆர்டரில் 25% வாங்கலாம். உத்யம் பதிவு, அதாவது மத்திய அரசின் குறு, சிறு தொழில் பதிவு, வேண்டும். வாங்கி விற்கும் வர்த்தகருக்கு இது பொருந்தாது. ‘மேக் இன் இந்தியா’ முன்னுரிமை ஆணை தனி, அதற்கு உள்நாட்டு மதிப்புக் கூட்டல் 50% காட்ட வேண்டும்.

இது தெரியாமல், எல்-1 ஆகியே தீர வேண்டும் என்று அடிமட்டத்துக்குக் கீழே இறங்கி மாட்டிக்கொள்ளும் சிறு நிறுவனங்கள் உண்டு. 15% வளையத்துக்குள் நின்றாலே வாய்ப்பு இருக்கிறது.

ஏலம் முடிந்த பிறகு எல்-1 ஆளிடம் இன்னும் கொஞ்சம் பேரம் பேசலாமா?

அரசு நிறுவனங்களில் எல்-1 தவிர வேறு யாருடனும் பேரம் கூடாது, எல்-1 ஆளுடனும் விதிவிலக்கான சூழலில்தான் பேசலாம் என்பது மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் நிலைப்பாடு. தனியாரில் சட்டம் தடுக்காது, ஆனாலும் வேண்டாம். ‘எம்.டி. இன்னொரு 2% கேட்கிறார்’ என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், அடுத்த ஏலத்தில் ஒவ்வொருவரும் 2% கையில் வைத்துக்கொண்டு நிறுத்துவார்கள். எல்-2 ஆளைக் கூப்பிட்டு எல்-1 விலையைச் சொல்லிக் கேட்பது அதைவிடக் கேடு. உள்ளாளை வைத்துப் பொய் விலை போட்டு இறக்கும் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். வசதியான நேரத்தில் இறங்கி, ஏலம் முடிந்ததும் காணாமல் போகும் அந்த ‘எல்-2’வை சப்ளையர்கள் இரண்டே ஏலத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சப்ளையர்கள் கூட்டுச் சேர்ந்தால் எப்படித் தெரியும்?

ஒருவர் இறக்க, மற்றவர்கள் ஒரே ஒரு தடவை தட்டிவிட்டு அமைதியாகிவிடுவார்கள். ஆண்டுதோறும் வெற்றி முறைவைத்துச் சுற்றிவரும். ஒரே ஐபி முகவரி, ஒரே வங்கிக் கிளையில் அடுத்தடுத்த எண்ணில் டிடி, இரண்டு டெக்னிக்கல் ஆஃபரில் ஒரே எழுத்துப் பிழை. தோற்றவர் பெயரில் சரக்கு வந்தால், அதாவது சப்-கான்ட்ராக்ட் போயிருந்தால், சந்தேகம் உறுதியாகும்.

விலையைக் கூடிப் பேசி டெண்டர் போடுவது 2002 போட்டிச் சட்டத்தின் 3-வது பிரிவில் வரும். கார்ட்டெல் என்று நிரூபணமானால், அது தொடர்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் லாபத்தைப் போல மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10%, எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். முதலில் வந்து உண்மையைச் சொல்பவருக்கு அபராதச் சலுகையும் சட்டத்தில் உண்டு. வாங்குபவர் கையில் இருப்பது: வெளியூர் சப்ளையர் ஒருவரையாவது தகுதிப்படுத்தி வைப்பது, ஏல நாளைக் கணிக்க முடியாதபடி வைப்பது, தேவைப்பட்டால் ஏலத்தையே விட்டுவிட்டு மூடிய டெண்டருக்குப் போவது. கூட்டணிக்குள் ஒருவர் வாக்குத் தவறுகிறாரா என்று மற்றவர்கள் நேரலையில் பார்க்கும் வசதியை ஏலம் கொடுக்கிறது, உறை கொடுப்பதில்லை.

நான் சப்ளையர். ஏல நாளுக்கு எப்படித் தயாராவது?

நிற்கும் விலையை முந்தைய நாளே காகிதத்தில் எழுதி முதலாளியின் கையெழுத்து வாங்குங்கள். மூலப்பொருள், கழிவு, கூலி, மின்சாரம், பேக்கிங், போக்குவரத்து, கடன் நாளுக்கான வட்டி, வங்கி உத்தரவாதக் கமிஷன், ரிஜெக்‌ஷன் இவ்வளவும் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும். கடைசி மூன்றை விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. ஏலத்தில் விலையைத் தட்டுபவரும், எவ்வளவு வரை போகலாம் என்று முடிவு செய்பவரும் ஒருவராக இருந்தால் ஆபத்து. எல்-2 என்று திரையில் சிவப்பாக வரும்போது கை தானாகப் போகும்.

பல அரசு போர்ட்டல்களுக்கு கிளாஸ் 3 டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். டோக்கனின் காலாவதித் தேதியை ஒரு வாரம் முன்பே பாருங்கள். ஒரு மணி நேரம் முன்பு லாகின் செய்யுங்கள். பிராட்பேண்டோடு மொபைல் ஹாட்ஸ்பாட்டும் தயாராக இருக்கட்டும், மடிக்கணினியில் சார்ஜ் இருக்கட்டும். உங்கள் கைக்கடிகாரம் செல்லாது. சர்வர் நேரம்தான் கணக்கு.

58.00 என்று போட வேண்டியதை 5.80 என்று தட்டிவிட்டேன். என்ன செய்வது?

ஏலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடத்துபவருக்குப் போன் செய்யுங்கள், உடனே மெயிலும் அனுப்புங்கள். வெளிப்படையான பிழையை நீக்கும் வசதி சில தளங்களில் நடத்துபவருக்கு உண்டு. ஏலம் முடிந்த பிறகு சொன்னால் பின்வாங்குவதாகவே எடுத்துக்கொள்வார்கள்: இஎம்டி (பங்கேற்கக் கட்டிய முன்வைப்புத் தொகை) பறிபோகும், தடையும் வரலாம். வாங்குபவர் பக்கம் ஒரு தற்காப்பு உண்டு. ஒரே தடவையில் 5 அல்லது 10 சதவீதத்துக்கு மேல் இறக்கினால் எச்சரிக்கும் உச்ச வரம்பை ஆன் செய்து வையுங்கள்.

ஆர்டர் வாங்கிய பின் மூலப்பொருள் விலை ஏறிவிட்டால்?

ஒப்பந்தத்தில் விலை மாற்ற விதி இருந்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் கிடைக்காது. டிரான்ஸ்ஃபார்மர், கேபிள் வாங்கும் மின் நிறுவனங்கள் செம்பு, அலுமினியம், உருக்கு விலையோடு இணைந்த, மின்கருவி உற்பத்தியாளர் சங்கமான ஐஇஇஎம்ஏ-வின் சூத்திரத்தைப் பயன்படுத்துகின்றன. அட்டைப்பெட்டிக்கும் கிராஃப்ட் தாள் விலையை அடிப்படையாக வைத்து, காலாண்டுக்கு ஒருமுறை, 3 சதவீதத்துக்கு மேல் மாறினால் மட்டும் திருத்தம் என்று எழுதலாம். ஓராண்டுக்கு அசையாத விலை கேட்டு ஏலம் விடும் வாங்குபவர், சப்ளையர் பயத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார். பயப்படாத சப்ளையர் வென்றால், ஐந்தாம் மாதம் லாரி வராது.

ஆர்டரை 60:40 என்று பிரிப்பது நல்லதா?

சப்ளை பாதுகாப்புக்கு நல்லது, விலைக்குக் கெட்டது. எல்-2 ஆனாலும் 40% கிடைக்கும் என்றால் ஏன் உயிரைக் கொடுத்து இறங்க வேண்டும்? 75:25 அல்லது 80:20 என்று வைத்தால் முதலிடத்துக்கு மதிப்பு இருக்கும், ஆபத்துக்கு இரண்டாவது கையும் இருக்கும்.

உண்மையில் எவ்வளவு மிச்சம் என்று எப்படிக் கணக்கிடுவது?

தொடக்க விலைக்கும் முடிவு விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மிச்சம் என்று பவர்பாயின்டில் போடாதீர்கள். தொடக்க விலையை உயர்த்தி வைத்தால் யாரும் 20% காட்டலாம். கடைசியாக வாங்கிய விலையை எடுத்து, இன்றைய மூலப்பொருள் விலைக்குத் திருத்தி, அதோடு ஒப்பிடுங்கள். ஆறு மாதம் கழித்து ரிஜெக்‌ஷன், அவசரத்துக்கு வெளியில் வாங்கியது, லைன் நின்றது ஆகியவற்றைக் கழியுங்கள். மிச்சம் என்ற பெயருக்கு உரியது மீதி நிற்பதுதான்.

ரிவர்ஸ் ஏலம் தோற்றுப்போய்க் கைவிடப்பட்டது உண்டா?

உண்டு, காற்றாலையில். தமிழ்நாட்டில் காற்று மின்சாரத்துக்கு ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலை யூனிட்டுக்கு ரூ. 4.16 ஆக இருந்த காலத்தில், 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் செகி நிறுவனம் நடத்திய முதல் காற்றாலை ஏலம் ரூ. 3.46-ல் முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாட்டு ஏலம் ரூ. 3.42. டிசம்பரில் குஜராத்தில் ரூ. 2.43. பத்து மாதத்தில் இவ்வளவு இறக்கம்.

அந்த விலைக்குக் கட்டுப்படியாவது நல்ல காற்று வீசும் ஒருசில இடங்களில் மட்டும்தான். எனவே எல்லாரும் குஜராத்தின் கட்ச், தமிழ்நாட்டின் தென்கோடி போன்ற இடங்களையே மொய்த்தார்கள். நிலமும் மின்தடமும் கிடைக்காமல் திட்டங்கள் தேங்கின, டர்பைன் தயாரிப்பாளர்களின் லாபம் கரைந்தது. கடைசியில் 2023 ஜனவரியில் மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் காற்றாலைக்கு ரிவர்ஸ் ஏலத்தை விட்டுவிட்டு மூடிய டெண்டருக்குத் திரும்புவதாக முடிவெடுத்தது. சோலாரில் அதே முறை தாங்கியதற்கு ஒரு காரணம், பேனல் விலை உண்மையிலேயே சரிந்துகொண்டிருந்தது. ராஜஸ்தானின் பட்லாவில் 2017 மே மாதம் ரூ. 2.44 வந்ததற்குப் பின்னால் அந்தச் சரிவும் இருந்தது. செலவு குறையாத இடத்தில் ஏலம் மட்டும் குறைந்தால் வித்தியாசத்தை யாரோ ஒருவர் சுமக்க வேண்டும்.

அமெரிக்காவிலும் சிக்கலான வடிவமைப்பு, கட்டுமானப் பணிகளை ரிவர்ஸ் ஏலத்தில் விடுவதை மத்திய அரசு நிறுவனங்களுக்குத் தடை செய்து 2021-க்கான நிதிச் சட்டத்தோடு விதி கொண்டுவந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 கொள்முதல் உத்தரவு, கட்டட வடிவமைப்பு போன்ற அறிவுசார் பணிகளை மின்னணு ஏலத்திலிருந்து விலக்கியிருக்கிறது.

ஒரே பொருளை எத்தனை முறை ஏலத்துக்குக் கொண்டுவரலாம்?

முதல் ஏலத்தில்தான் பெரிய குறைப்பு வரும். பல ஆண்டாகச் சோதிக்காத விலையில் இருந்த கொழுப்பு அதோடு போய்விடும். இரண்டாவதில் கொஞ்சம் வரும். மூன்றாவதில் எதுவும் வராவிட்டால் சப்ளையர் சேர்ந்துகொண்டார்கள் என்று உடனே நினைக்க வேண்டாம், விலை தரைக்கு வந்திருக்கலாம். அதற்குமேல் செலவைக் குறைக்க வேண்டுமென்றால் பெட்டியின் அளவை மாற்றுவது, 5 பிளையை நல்ல தாளில் 3 பிளை ஆக்க முடியுமா என்று சோதிப்பது, இருபது அளவை எட்டாகக் குறைப்பது போன்ற வேலைகள் இருக்கின்றன. அவற்றை இப்போதைய சப்ளையரோடு மேசையில் உட்கார்ந்துதான் செய்ய முடியும்.